வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களா? பிரிட்டனில் ட்ரைபியூனல் வரை போவதற்கான முழு வழிகாட்டி

வேலையை இழந்தவர் மனதில் ஓடிக்கொண்டே இருப்பது ஒரே கேள்விதான்: "நான் என்ன தப்பு செய்தேன்?" ஆனால் வேலைத் தகராறுகளை விசாரிக்கும் நீதிமன்றமான எம்ப்ளாய்மெண்ட் ட்ரைபியூனல் முதலில் பார்ப்பது அதை அல்ல. முதலாளி எந்தக் காரணத்துக்காக நீக்கினார், அந்த முடிவுக்கு வந்த விதம் நியாயமானதா என்றுதான் அது பார்க்கும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டவர் எழுதும் மனு நாலு பக்கத்தில் நிற்கும். பிடிக்காதவர் நாற்பது பக்கம் எழுதியும் நீதிபதிக்குத் தேவையான ஒரு வரியை விட்டுவிடுவார்.

இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்குப் பொருந்தும். வட அயர்லாந்தில் தனி ட்ரைபியூனல், தனி விதிகள். வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. 2013ல் கட்டணம் கொண்டுவந்தார்கள், சில வழக்குகளுக்கு 1,200 பவுண்டு வரை கட்ட வேண்டியிருந்தது. யூனிசன் தொழிற்சங்கம் எதிர்த்து வாதாடி, 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று அடித்துவிட்டது. வக்கீல் இல்லாமலே வழக்கை நடத்தலாம், பலர் நடத்துகிறார்கள்.

முதலில் காலெண்டரை எடுங்கள்

வழக்குப் போட உங்களுக்கு இருக்கும் நேரம் 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. மார்ச் 10 உங்கள் கடைசி வேலை நாள் என்றால் ஜூன் 9 நள்ளிரவோடு கதவு மூடிவிடும். அதற்குள் குறைந்தபட்சம் வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் (Acas) அமைப்பைத் தொடர்புகொண்டிருக்க வேண்டும்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நோட்டீஸ் கொடுத்து நீக்கினால் நோட்டீஸ் முடியும் நாள். "இன்றோடு கிளம்பு, நோட்டீஸ் காலச் சம்பளத்தைத் தந்துவிடுகிறோம்" என்று அனுப்பியிருந்தால், கிளம்பிய அந்த நாள். கடைசிச் சம்பளம் வங்கியில் விழுந்த நாளோ, வேலை முடிந்ததும் முதலாளி தரும் பீ45 வரிப் படிவம் கைக்கு வந்த நாளோ கணக்கில் வராது. நோட்டீஸ் இல்லாமல் கடிதம் மூலம் நீக்கியிருந்தால், அதை நீங்கள் படித்த நாள், அல்லது படிக்க நியாயமான வாய்ப்புக் கிடைத்த நாள்.

இன்னொரு பெரிய பொறி, கம்பெனிக்குள்ளே செய்யும் மேல்முறையீடு. அது நடந்துகொண்டிருந்தாலும் 3 மாதக் கடிகாரம் நிற்காது. "அப்பீல் முடிவு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று எச்ஆர் நல்லவிதமாகச் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். அப்பீலையும் செய்யுங்கள், ஏகாஸையும் கூப்பிடுங்கள். காலம் தாண்டியபின் நியாயமற்ற பணிநீக்க வழக்கை ஏற்க வைப்பது மிகக் கடினம். உரிய காலத்தில் போடுவது நடைமுறையில் சாத்தியமே இல்லாமல் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். பாகுபாட்டு வழக்கில் நீதிபதிக்குக் கொஞ்சம் இளக்கம் காட்ட அதிகாரம் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்கக்கூடாது.

2025 டிசம்பரில் நிறைவேறிய வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் இந்த 3 மாதத்தை 6 மாதமாக நீட்டுவதற்கு வழி செய்திருக்கிறது. உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்பதை ஏகாஸ் இணையதளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அதுவரை 3 மாதம் என்றே எண்ணிச் செயல்படுவதுதான் பாதுகாப்பு.

அவசரமான ஒரு விதிவிலக்கும் உண்டு. கம்பெனியின் முறைகேட்டை வெளிப்படுத்தியதற்காகவோ தொழிற்சங்க வேலைக்காகவோ நீக்கினார்கள் என்றால், வழக்கு முடியும்வரை சம்பளம் தொடர இடைக்கால நிவாரணம் கேட்கலாம். அதற்கு வேலை முடிந்த நாளிலிருந்து வெறும் 7 நாள்தான்.

வழக்குக்கு இடம் இருக்கிறதா?

சாதாரண நியாயமற்ற பணிநீக்க வழக்குக்கு அதே முதலாளியிடம் 2 வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். புதிய சட்டத்தால் 2027 ஜனவரி 1 முதல் இது 6 மாதமாகக் குறைகிறது.

2 வருடம் ஆகவில்லை என்று உடனே சோர்ந்துவிட வேண்டாம். கர்ப்பம், பிரசவ விடுப்பு, முறைகேட்டை வெளிப்படுத்தியது, பாதுகாப்புக் குறையைச் சுட்டிக்காட்டியது, குறைந்தபட்சச் சம்பளம் கேட்டது, தொழிற்சங்கத்தில் சேர்ந்தது போன்ற காரணங்களுக்காக நீக்கினால் முதல் நாளிலிருந்தே வழக்குப் போடலாம். இனம், நிறம், நாடு, மதம், பாலினம், வயது, ஊனம் போன்றவற்றால் வந்த பாகுபாட்டுக்கும் இத்தனை வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, அது 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் தனி வழக்கு. நோட்டீஸ் சம்பளம், எடுக்காத விடுமுறைக்கான பணம், பிடித்துவைத்த சம்பளம் ஆகியவற்றுக்கும் 2 வருடம் தேவையில்லை. சட்டப்படியான நோட்டீஸ், ஒரு மாதம் வேலை செய்தாலே ஒரு வாரம். 2 வருடம் ஆனபின் வருடத்துக்கு ஒரு வாரம், அதிகபட்சம் 12 வாரம்.

"எனக்குக் காண்ட்ராக்டே தரவில்லை, சம்பளம் கையில்தான் தந்தார்கள்" என்று சொல்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். கடை, பெட்ரோல் ஸ்டேஷன், உணவகம், பராமரிப்பு இல்லம் எங்கும் இது உண்டு. எழுத்தில் இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். வேலை நிபந்தனைகளை முதல் நாளே எழுத்தில் தருவது முதலாளியின் கடமை. தராமல் இருந்து, நீங்கள் வேறொரு கோரிக்கையில் ஜெயித்தால், 2 அல்லது 4 வாரச் சம்பளம் கூடுதலாகக் கிடைக்க வழி உண்டு. ஊர்க்காரர், கோயிலில் பார்க்கிறவர், அவர்மேல் எப்படிக் கேஸ் போடுவது என்ற தயக்கமும் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் உழைப்பின் கூலியைக் கேட்பது யாருக்கும் செய்யும் துரோகம் அல்ல.

ஸ்பான்சர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தனியாகக் கவனியுங்கள். முதலாளி ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்தியதாக ஹோம் ஆபீஸுக்குத் தெரிவித்தால், புது ஸ்பான்சர் தேட உங்களுக்குப் பொதுவாக 60 நாள்தான் மிஞ்சும். ட்ரைபியூனல் வழக்கு இருப்பதால் விசா நீளாது. இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும், விசா விஷயத்துக்குத் தகுதிபெற்ற குடிவரவு ஆலோசகரிடம்தான் போக வேண்டும்.

ட்ரைபியூனல் எதைப் பார்க்கும்

1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம், நீக்குவதற்கு ஐந்து வகைக் காரணங்களை மட்டும் ஏற்கிறது: நடத்தை, திறமை அல்லது உடல்நிலை, ஆட்குறைப்பு, தொடர்ந்து வேலை செய்வது சட்டத்தை மீறுவதாக இருத்தல், மற்றும் வேறு ஏதேனும் கணிசமான காரணம். இதில் ஒன்றை நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. அதன்பிறகு, அந்தக் காரணத்துக்காக நீக்கியது நியாயமா என்ற கேள்வி வரும்.

ஒரு உதாரணம் பாருங்கள். கடைக் கல்லாவில் 80 பவுண்டு குறைகிறது. அந்த நேரத்தில் கல்லாவில் நின்றவர் நீங்கள். திருடியதாகச் சொல்லி நீக்கிவிடுகிறார்கள். நீங்கள் உண்மையிலேயே எடுத்தீர்களா என்று ட்ரைபியூனல் இந்த இடத்தில் தீர்ப்புச் சொல்லாது. நீங்கள் எடுத்ததாக முதலாளி நேர்மையாக நம்பினாரா, நம்ப நியாயமான ஆதாரம் இருந்ததா, போதுமான அளவு விசாரித்தாரா என்ற மூன்றையும்தான் பார்க்கும். 1978ல் முடிவான பர்செல் வழக்கிலிருந்து வந்த சோதனை இது. அப்புறம், ஒரு நியாயமான முதலாளி எடுக்கக்கூடிய முடிவுகளின் எல்லைக்குள் இந்தத் தண்டனை அடங்குமா என்று பார்க்கும். நீதிபதி தான் அந்த இடத்தில் இருந்தால் எச்சரிக்கையோடு விட்டிருப்பேன் என்று நினைப்பதால் மட்டும் நீங்கள் ஜெயிக்க முடியாது.

ஆகவே "நான் எடுக்கவே இல்லை" என்று பத்துத் தடவை எழுதுவதைவிட, "சிசிடிவி பதிவைப் பார்க்கும்படி நான் கேட்டேன், யாரும் பார்க்கவில்லை" என்ற ஒரு வரி பலமானது. "அதே கல்லாவை அன்று இன்னும் இரண்டு பேர் பயன்படுத்தினார்கள், அவர்களிடம் கேள்வியே கேட்கவில்லை." "ஆதாரத்தை முன்கூட்டியே காட்டவில்லை." "கூடவே சக ஊழியரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ கூட்டிவர எனக்கிருந்த உரிமையை மறுத்தார்கள்." இப்படித் துளைகளைத் தேடுங்கள்.

ஆனால் நோட்டீஸ் சம்பளத்துக்கான கோரிக்கையில் கதை மாறும். அங்கே நீங்கள் உண்மையிலேயே பெரிய தவறு செய்தீர்களா என்பதை ட்ரைபியூனலே சாட்சிகளைக் கேட்டு முடிவு செய்யும். அதனால்தான் நோட்டீஸ் இல்லாமல் நீக்கப்பட்டவர்கள் இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்துப் போட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். பலர் இரண்டாவதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

காகிதங்களைத் திரட்டுவது

வேலை போன அந்த வாரமே உட்கார்ந்து, நடந்ததைத் தேதி வாரியாக எழுதி வையுங்கள். யார், எங்கே, என்ன வார்த்தையில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். ஒரு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும். பேஸ்லிப், வேலைக் கடிதம், ரோட்டா (வேலை நேரப் பட்டியல்), எச்சரிக்கைக் கடிதங்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். போன் தொலைந்தால் வழக்கும் தொலைந்த கதை ஆகிவிடக்கூடாது. தமிழில் வந்த குரல் செய்திகள் இருந்தால் எழுத்தில் இறக்கி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்யுங்கள். கம்பெனியின் ரகசிய ஆவணங்களையோ வாடிக்கையாளர் விவரங்களையோ மட்டும் எடுத்துவராதீர்கள், அது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

2 வருடச் சேவை இருந்தால், நீக்கியதற்கான காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்கலாம், 14 நாளுக்குள் தந்தாக வேண்டும். கூடவே, உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவல்கள் அனைத்தையும் தரும்படி தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். ஒரு எளிய மின்னஞ்சல் போதும், கட்டணம் இல்லை, வழக்கமாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். மேலாளர்கள் தங்களுக்குள் உங்களைப் பற்றி எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் இப்படித்தான் வெளியே வரும்.

வேலை தேடுவதற்கும் ஒரு நோட்டு போடுங்கள். எங்கே விண்ணப்பித்தீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். வேறு வேலை தேட முயற்சி எடுக்காதவருக்கு நஷ்டஈடு வெட்டப்படும்.

ஏகாஸ் சமரசம்

வழக்குப் போடும் முன் ஏகாஸ் அமைப்பிடம் தெரிவித்து முன்சமரச நடைமுறையைத் தொடங்குவது கட்டாயம். இணையத்தில் படிவம் நிரப்பலாம், அல்லது 0300 123 1100 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். கம்பெனியின் சட்டப்பூர்வப் பெயரைச் சரியாகக் கொடுங்கள். கடைப் பலகையில் இருப்பது ஒன்று, பதிவான பெயர் வேறாக இருக்கும். பேஸ்லிப்பையும், கம்பெனிகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான கம்பனிஸ் ஹவுஸின் இணையதளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

2025 டிசம்பர் 1 முதல் தொடங்கும் சமரசத்துக்கு 12 வாரம் வரை காலம் உண்டு. அந்த நாட்களில் உங்கள் கடிகாரம் நின்றிருக்கும். மேலே சொன்ன மார்ச் 10 உதாரணத்தில், ஏப்ரல் 20 அன்று ஏகாஸிடம் போய் மே 18 அன்று சமரச முயற்சி முடிந்ததற்கான சான்றிதழ் வந்தால், இடையில் போன 28 நாளும் சேர்ந்து கடைசித் தேதி ஜூலை 7 ஆகும். கடைசி நேரத்தில், ஜூன் 8 அன்று போனால், சான்றிதழ் வந்த நாளிலிருந்து ஒரு மாதம் கிடைக்கும். ஜூன் 10 அன்று போனால் ஒன்றுமே கிடைக்காது, ஏனென்றால் காலம் முடிந்தபின் எந்தச் சான்றிதழும் அதை மீட்டுத் தராது.

ஏகாஸ் அதிகாரி உங்கள் வக்கீல் அல்ல, கம்பெனிக்கும் வேண்டியவர் அல்ல. உங்கள் வழக்கு பலமா இல்லையா என்று சொல்லமாட்டார். நீங்கள் அங்கே பேசும் தொகைகள் நீதிபதிக்குத் தெரியாது, ஆகவே தைரியமாகப் பேசலாம். ஒரே எச்சரிக்கை, அவர் மூலம் வந்த தொகைக்குத் தொலைபேசியில் "சரி" என்று சொன்னாலே ஒப்பந்தம் உறுதியாகிவிடலாம். யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிடுங்கள். நல்ல ரெஃபரன்ஸ் கடிதம் போன்ற, ட்ரைபியூனல் உத்தரவிட முடியாத விஷயங்களை சமரசத்தில் வாங்க முடியும். வேலை தேடும் பலருக்குப் பணத்தைவிட அதுதான் பெரிது.

மனுவை எழுதுவது

சமரசம் நடக்கவில்லை என்றால் ஏகாஸ் சான்றிதழ் எண்ணோடு ஈடி1 என்ற வழக்குப் படிவத்தை இணையத்தில் அனுப்ப வேண்டும். சான்றிதழில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகட்டும். என்னென்ன கோரிக்கைகள் என்று படிவத்திலேயே தெளிவாக எழுதுங்கள்: நியாயமற்ற பணிநீக்கம், நோட்டீஸ் சம்பளம், விடுமுறைப் பணம், இனப் பாகுபாடு என்று பெயர் சொல்லி. பின்னால் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும். பாகுபாடு என்றால் ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, ஆள், நடந்தது என்ன, உங்கள் இடத்தில் இன்னொருவரை எப்படி நடத்தினார்கள் என்று எழுதுங்கள். "என்னை எப்போதும் ஒதுக்கினார்கள்" என்ற வரி எவ்வளவு உண்மையானாலும் வழக்கில் நிற்காது.

மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் அந்தப் படிவத்திலேயே தமிழ் என்று குறிப்பிடுங்கள். ட்ரைபியூனல் தன் செலவில் ஏற்பாடு செய்யும். மகனோ மருமகளோ மொழிபெயர்க்க முடியாது. கடைப் பேச்சு ஆங்கிலம் நன்றாக வந்தாலும், குறுக்கு விசாரணையில் வக்கீல் ஒரே கேள்வியை மூன்று விதமாகத் திருப்பிக் கேட்கும்போது தாய்மொழியில் பதில் சொல்வது பலருக்கு நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உதவிக்கு யாரைப் பிடிப்பது? தொழிற்சங்கத்தில் இருந்தால் முதலில் அங்கே. வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், சட்டச் செலவுக் காப்பும் அதில் இருக்கக்கூடும், பலருக்கு இது தெரியாது. சிட்டிசன்ஸ் அட்வைஸ், உள்ளூர் லா சென்டர்கள் இலவசமாக ஆலோசனை தருகின்றன. ஃப்ரீ ரெப்ரசென்டேஷன் யூனிட் சில வழக்குகளில் வாதாடவும் ஆள் தரும், ஆனால் வேறு ஆலோசனை நிலையம் வழியாகத்தான் போக முடியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் சட்ட உதவி பெரும்பாலும் பாகுபாட்டு வழக்குகளுக்குத்தான், வருமான வரம்போடு.

பதில் மனுவும் அதன் பிறகும்

முதலாளிக்குப் பதில் தர 28 நாள். வரும் பதிலைப் படித்தால் ரத்தம் கொதிக்கும், அதற்குத் தயாராக இருங்கள். கோபத்தில் உடனே மின்னஞ்சல் அனுப்பாமல், எந்த வரி பொய், அதை எந்த ஆவணம் காட்டும் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ட்ரைபியூனல் உத்தரவுகள் தேதியோடு வரும். உங்கள் நஷ்டக் கணக்கை அனுப்ப வேண்டும், இருதரப்பும் ஆவணங்களைப் பரிமாற வேண்டும், அவற்றைப் பக்க எண் போட்ட ஒரே தொகுப்பாக்க வேண்டும். உங்களுக்கு எதிரான ஆவணத்தையும் காட்டியாக வேண்டும். சாட்சி வாக்குமூலங்களை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முன்கூட்டியே எழுத்தில் பரிமாறிக்கொள்வார்கள். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் சாட்சி வாயாலேயே சொல்வார். எந்த உத்தரவுத் தேதியையும் தவறவிடாதீர்கள். முடியாவிட்டால் தேதி வருமுன்னே நீட்டிப்புக் கேளுங்கள், அந்தக் கடிதத்தின் நகல் எதிர்த்தரப்புக்கும் போக வேண்டும்.

இந்தக் கட்டத்தில் கம்பெனி வக்கீலிடமிருந்து, வழக்கை விடாவிட்டால் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும் என்று ஒரு கடிதம் வரலாம். பலர் இதைப் படித்துப் பயந்து விலகிவிடுகிறார்கள். இங்கே பொது விதி, தோற்றாலும் அவரவர் செலவு அவரவருக்கு. எதிர்த்தரப்பின் செலவைக் கட்டச் சொல்லும் உத்தரவு, பெரும்பாலும் வெற்றி வாய்ப்பே இல்லாத வழக்கிலோ, நியாயமற்ற முறையில் நடத்திய வழக்கிலோதான் வரும். ஒரு கோரிக்கை பலவீனமாகத் தெரிந்தால் 1,000 பவுண்டு வரை முன்பணம் கட்டச் சொல்லவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அப்படி ஓர் உத்தரவு வந்தால் அந்தக் கோரிக்கையை விடுவதா என்று உண்மையிலேயே யோசிக்க வேண்டும்.

விசாரணை நாள்

காத்திருப்பு நீளமானது. பல நாள் விசாரணை தேவைப்படும் வழக்குகள் வருடத்துக்கு மேலும் இழுக்கின்றன. பணிநீக்க வழக்கைப் பொதுவாக ஒரு நீதிபதி தனியாக விசாரிப்பார், பாகுபாட்டு வழக்கில் கூடவே இரண்டு உறுப்பினர்கள் இருக்கலாம். அங்கியோ நீதிபதிகள் அணியும் பொய்முடியோ இருக்காது. நீதிபதியை "ஜட்ஜ்" என்று அழைத்தால் போதும். கீதை, பைபிள், குர்ஆன் மீதோ, மதம் சாராத உறுதிமொழியாகவோ சத்தியம் செய்யலாம். சில விசாரணைகள் காணொளியில் நடக்கும். ஆனால் நீங்களோ சாட்சியோ இந்தியா, இலங்கை போன்ற வெளிநாட்டில் இருந்துகொண்டு சாட்சி சொல்ல அந்த நாட்டின் அனுமதி தேவைப்படலாம், ஆகவே முன்கூட்டியே ட்ரைபியூனலிடம் தெரிவியுங்கள்.

நீக்கியதை ஒப்புக்கொள்ளும் வழக்கில் வழக்கமாக முதலாளி தரப்பு முதலில் சாட்சி சொல்லும். உங்கள் கேள்விகளை எழுதி வைத்திருங்கள், குட்டையாக, ஒரு நேரத்தில் ஒரு விஷயம். "48ஆம் பக்கத்தைப் பாருங்கள். சிசிடிவியைப் பார்த்ததாக இதில் எங்காவது இருக்கிறதா?" இதுபோதும். உங்கள் முறை வரும்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஞாபகம் இல்லையென்றால் ஞாபகம் இல்லை என்று சொல்வதால் உங்கள் மதிப்புக் குறையாது.

எவ்வளவு கிடைக்கும்

இரண்டு பகுதி. அடிப்படைத் தொகை வயதையும் சேவையையும் பொறுத்தது: 22 முதல் 40 வயது வரையிலான ஒவ்வொரு முழு வருடத்துக்கும் ஒரு வாரச் சம்பளம், 41 வயது முதல் ஒன்றரை வாரம், 22க்குக் கீழ் அரை வாரம். 35 வயதில், 6 வருடச் சேவையோடு, வாரம் 600 பவுண்டு வாங்கியவருக்கு 3,600 பவுண்டு. இந்தக் கணக்குக்கு வாரச் சம்பளத்தின் உச்சவரம்பு 2025 ஏப்ரலில் 719 பவுண்டாக இருந்தது, ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும்.

இரண்டாவது இழப்பீட்டுத் தொகை, அதாவது வேலை போனதால் உண்மையில் இழந்தது. பழைய வேலையின் கைக்கு வரும் சம்பளம், பென்ஷன் பங்கு எல்லாம் சேரும், புது வேலையில் சம்பாதித்தது கழியும். ஒரு வருடச் சம்பளம் என்ற வரம்பும் ஒரு தொகை வரம்பும் இதற்கு உண்டு, இரண்டில் குறைவானதே எல்லை. புதிய சட்டம் இந்த வரம்புகளை நீக்க வழி செய்கிறது. மன வேதனைக்குப் பணிநீக்க வழக்கில் பணம் கிடையாது, பாகுபாட்டு வழக்கில் கிடைக்கும்.

முறையாக விசாரித்திருந்தாலும் நீக்கியிருப்பார்கள் என்று தோன்றினால் தொகை வெட்டப்படும். உங்கள் நடத்தையும் காரணமாக இருந்தால் இன்னும் வெட்டு. மறுபக்கம், ஏகாஸ் ஒழுங்குமுறை நெறிகளைக் காரணமில்லாமல் மீறிய முதலாளி தர வேண்டிய தொகை 25 சதவீதம் வரை கூடும். கம்பெனிக்குள் அப்பீல் செய்யாத ஊழியருக்கும் அதே அளவு குறையலாம், அப்பீலைத் தவிர்க்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

தீர்ப்புக்குப் பிறகு

தோற்றால், சட்டத்தில் தவறு இருந்தால் மட்டும் மேல்முறையீடு. முடிவுக்கான காரணங்கள் எழுத்தில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 42 நாள். வாய்மொழியாகத் தீர்ப்புச் சொன்னால் எழுத்தில் காரணம் கேட்க மறக்காதீர்கள், 14 நாளுக்குள் கேட்க வேண்டும். தீர்ப்புகள் அரசு இணையதளத்தில் பெயரோடு வெளியாகும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்தபின் 14 நாளில் பணம் வராவிட்டால் தீர்ப்புக்கு மறுநாளிலிருந்து 8 சதவீத வட்டி ஏறும். ட்ரைபியூனல் தானே வசூலித்துத் தராது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுண்டி கோர்ட் வழியாகவோ உயர் நீதிமன்ற அமலாக்க அதிகாரி வழியாகவோ வசூலிக்கலாம், ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் அதிகாரிகள். கம்பெனி திவாலாகிவிட்டால் அடிப்படைத் தொகை, 8 வாரம் வரையிலான பாக்கிச் சம்பளம், விடுமுறைப் பணம், நோட்டீஸ் சம்பளம் ஆகியவற்றை வரம்புக்கு உட்பட்டு அரசின் தேசியக் காப்புறுதி நிதியிலிருந்து கேட்கலாம். இழப்பீட்டுத் தொகைக்கு அந்த வழி இல்லை. கடையை மூடிவிட்டு வேறு பெயரில் திறக்கும் பழக்கமுள்ள முதலாளி என்று தெரிந்தால், ஏகாஸ் கட்டத்தில் வரும் சுமாரான தொகையைக்கூட நிதானமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.